கற்பூர வாசனை

மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத் திறந்துதான் பார்ப்பார்கள். மூடிப் பார்க்க வேண்டும். நல்ல கத்தி மூடும்போது ‘டக்’ என்று ஒரே சத்தம் போடும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே இருக்கும் வில் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயம்கூட ஹட்டனில் நான் சொல்லாமல் யாருக்கும் தெரிந்ததில்லை.

கினிகத்தேனையில் ஸுலைஹாவின் வீட்டுக் குசினி எரிந்ததைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சார்ஜன். வருகிறேன். உங்கள் கேள்வி ஒரு வரிதான், பதில் ஒரு வரியில் அடங்காது. கத்தியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். அப்போதும் விளங்குமா என்பது வேறு விஷயம்.

என் பெயர் ஜீவராஜ். ரயில்வே ஸ்டேஷனுக்கு இறங்குகிற வழியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். துரைமார் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போனபோது அவர்கள் விட்டுச் சென்றதை அவர் வாங்கிப் போட்டார், அதுதான் கடையானது. கடிகாரம், பித்தளை மணி, எனாமல் பலகை எல்லாம் இருக்கின்றன. அவை பிழைப்புக்கு. ரயிலில் வந்திறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் துருப்பிடித்த எதைக் காட்டினாலும் வாங்குவார்கள். துரு என்றால் பழமை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் மதித்தது கம்பனிக் கத்திகளை மட்டும்தான். அந்தக் காலத்தில் தேயிலை மெஷின் விற்றவர்களும் உரம் விற்றவர்களும் கப்பல் ஏஜன்டுமாரும் நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் பரிசாகத் துரைமாருக்கும், தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர்மாருக்கும் விரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி கொடுப்பார்கள். கைப்பிடியில் கம்பனியின் பெயர் இருக்கும். சிலவற்றில் டெலிபோன் நம்பரும் இருக்கும். சும்மா கிடைத்த பொருள் என்பதால் வாங்கியவர்கள் மதிக்கவில்லை. பென்சில் சீவினார்கள், பழம் உரித்தார்கள், கடைசியில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளின் கைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கு சுரண்டியது. மிஞ்சியவை கொஞ்சம் என்பதற்கு அதுதான் காரணம். விலை ஏறியதற்கும் அதுதான் காரணம்.

அலகு கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் செய்தவன் பெயரும் ஊரும் குத்தியிருக்கும். அதைப் பார்க்க வேண்டும். டெலிபோன் நம்பரில் எத்தனை இலக்கம் என்று பார்க்க வேண்டும். இலக்கம் குறையக் குறையக் கத்திக்கு வயது கூடும். எழுத்து தேய்ந்திருந்தால் அது விரல் பட்டுத் தேய்ந்ததா, மணல்தாள் பட்டுத் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். தீட்டித் தீட்டி அலகு மெலிந்திருந்தால் பாதி விலை. பளபளப்பாக்கிக் கொண்டு வந்தால் அந்தப் பாதியும் இல்லை. பளபளப்பாக்குகிறவர்களை என் கடைப் படியில் நான் ஏற்றுவதில்லை.

இதெல்லாம் யாரும் படித்துக்கொள்ளலாம். படிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பழைய கைப்பிடிகள் பல செலுலாய்டால் செய்தவை. பார்வைக்கு யானைத் தந்தம் மாதிரியே இருக்கும். செலுலாய்ட் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். கைப்பிடியைக் கட்டைவிரலால் சூடேறும் வரை தேய்த்தால் அந்தக் கற்பூரம் இன்றைக்கும் மணக்கும். பின்னால் வந்த பிளாஸ்டிக்கில் என்ன தேய்த்தாலும் மணம் வராது. கொழும்பிலிருந்து காரில் வருகிற கனவான்கள் பூதக்கண்ணாடி கொண்டு வருவார்கள். நான் ஒருமுறை தேய்த்து மூக்கருகே கொண்டு போய் அசல், போலி என்று சொல்லிவிடுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நம்முடைய ஆட்கள் இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மஃறூபும் அப்படித்தான் என் கடைக்கு வந்தான். கினிகத்தேனை மெயின் ரோட்டில் இரும்புக் கடை. ஆணி, கம்பி, பெயின்ட். கத்தி என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை, அறிவு கிடையாது. வாங்கிய கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவான். அதே கத்தியால் தோடம்பழம் உரிப்பான். “கத்தின்னா வெட்டணும்லண்ணே” என்பான். வாரம் ஒருதரமாவது வந்து உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். என் மனைவி மகனோடு கொழும்புக்குப் போய்விட்ட பிறகு என் கடைக்கு ஒரு காரணமும் இல்லாமல் வந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவான். என்னிடம் அவன் பிரியமாக இருந்தான் என்பது உண்மை. ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பிரியம் வைப்பது சுலபம்.

கொரோனாக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஊரில் யாருக்குத்தான் வரவில்லை. கொஞ்ச நாள் எல்லோருக்கும் போல எனக்கும் மணம் மந்தமாக இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. பக்கத்துத் தையல் கடை நிலக்ஷி என் கடைக்குள் எலி செத்து நாறுகிறது என்று ஒருமுறை சண்டைக்கு வந்தாள். நானே அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். எலி கிடந்தது. கிடந்தால் என்ன. சில பெண்களுக்கு எல்லாமே நாறும்.

அதற்குப் பிறகுதான் டன்ஸ்மியர் கத்தி என் கைக்கு வந்தது. டன்ஸ்மியர் என்பது தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள் விற்ற கம்பனி. அவர்கள் கத்தி கொடுத்தது ஒரே ஒரு நத்தாருக்குத்தான் என்று அப்பா சொல்வார். தந்த நிறக் கைப்பிடி, நீல எழுத்து, அலகு முழுசு. நான் தேய்த்தேன், மோந்தேன், அசல் என்று சொன்னேன். மஃறூப் அதை நான் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெருநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த பிள்ளை மாதிரி இருந்தான்.

இப்போது வட்டகொடைக்கு வருகிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே வீரய்யா என்று ஒரு ஓய்வுபெற்ற டீமேக்கர் இருக்கிறார். அவரிடம் ஒரு கம்பனிக் கத்தி இருப்பதாகத் தகவல் வந்தது. மஃறூபும் நானும் காலை ரயிலில் போனோம். வீரய்யாவின் மகள் தனுஜா கத்தியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். நான் வழக்கம்போலத் தேய்த்து மூக்கருகே பிடித்தேன்.

“கற்பூரம் நல்லா மணக்குது. செலுலாய்ட். உலகச் சண்டைக் காலத்துக்கு முந்தினது” என்றேன்.

தனுஜா கத்தியை வாங்கித் தானும் மோந்து பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றாள்.

“அதுக்கு மூக்குப் பழகணும்” என்றேன்.

மஃறூப் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். கட்டைவிரல் சிவக்கத் தேய்த்தான். மோந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

“ஆமா, மணக்குது” என்றான். “அண்ணன் சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன்.”

பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுடையது. தனுஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும் ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மஃறூப் அந்தக் கத்தியாலேயே ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினான். தோல் முழுவதையும் ஒரே சுருளாக எடுத்து முடித்தான்.

“அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க, மஃறூப் நானா.”

“உங்களுக்கு மணம் தெரியுறதில்லையா?”

அவன் அந்தத் தோலை என் பக்கம் நீட்டினான்.

“கண்ண மூடிக்கிட்டு இது என்னன்னு சொல்லுங்க. சும்மா ஒரு தடவ.”

இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்தவன், வட்டகொடை பிளாட்பாரத்தில், ஒரு ஆணிக் கடைக்காரனுக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு பழத்தோலை மோந்து பார்க்க வேண்டுமாம். நான் கண்ணை மூடவில்லை.

அவன் தோலைக் கீழே வைத்தான். கோபம் வந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவன் என் முழங்கால் மேல் கையை வைத்தான்.

“இந்தக் கத்தி வெறும் பிளாஸ்டிக்ண்ணே. டன்ஸ்மியரும் அதேதான். வாங்கின அந்தக் கெழமையே எனக்குத் தெரியும். நீங்க வேணும்னு செய்ய மாட்டீங்க. அதுதான் யோசிச்சேன். எங்க வீட்ல ஸுலைஹாவுக்கும் இப்பிடித்தான், கொரோனாவுல போனது இன்னும் வரல. கறி கருகினாக்கூடத் தெரியாது. நான்தான் மோந்து சொல்றது. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

“நீங்க தப்பா வெளங்கியிருக்கீங்க” என்றேன்.

“இருக்கட்டும்ண்ணே. இனிமே நீங்க தேயுங்க, நான் பக்கத்துல நின்னு மோந்து சொல்றேன். மணம் வந்தா இருமுறேன், வரலன்னாச் சும்மா நிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம். அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அதாவது என்னுடைய மூக்கு அவன். நான் கட்டைவிரல். கொழும்புக் கனவான்களுக்கு முன்னால் நான் கத்தியைத் தேய்த்துக்கொண்டு இவன் இருமுவானா என்று காத்திருக்க வேண்டும். டன்ஸ்மியர் போலி என்று அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம். அந்த இரண்டு வருஷமும் வாரம் தவறாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறான். அவன் என்னிடம் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் எனக்குத் துணைக்கு இருந்திருக்கிறான். ஒரு நோயாளிக்குத் துணைக்கு இருப்பது போல.

காசைத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஊரெல்லாம் சொல்லியிருந்தால்கூட, தெரியாதவன் உளறுகிறான் என்று சமாளித்திருப்பேன். இரக்கப்பட்டான். அதற்கு என்ன பதில் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ரயில் வந்தது. பெட்டியில் கூட்டம். நாங்கள் கக்கூஸ் பக்கத்து வாசலில் நின்றோம். மஃறூபுக்கு மிதிபலகை ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பதுதான் பிடிக்கும். தலவாக்கலை போனது, கொட்டகலை போனது. அவன் தன் மகள் அம்னாவின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் பாதிப் பழத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பாதியைக் கைக்கு ஒன்றாகச் சுளைகளை வைத்துக்கொண்டு தின்றான். வாசல் கம்பியைப் பிடிக்க அவனுக்குக் கை இல்லை.

ஹட்டனுக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம். ரயில் உள்ளே நுழைந்து இருட்டானதும் பொடியன்கள் எல்லாப் பெட்டியிலும் கூவுவார்கள். தினமும் நடப்பதுதான். அன்றும் கூவினார்கள். நான் உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தேன். சட்டை பனியில் நனைந்திருந்தது. அதிகம் பலம் தேவைப்படவில்லை. ஒரு கதவைச் சாத்துவதற்குப் போடுகிற பலம். அந்தக் கூச்சலில் அவனுடைய சத்தம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெளிச்சம் வந்தபோது வாசல் காலியாக இருந்தது. மிச்சப் பழத்தைத் தின்றேன். ஹட்டனில் இறங்கிக் கடையைத் திறந்து வைத்தேன்.

தண்டவாளம் பார்க்கிறவர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். மிதிபலகையில் நின்று தவறி விழுந்தான் என்று உங்கள் ஆட்களே முடிவு கட்டினார்கள். நான் வேறு பெட்டியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. ஒரு கத்தியை நான் பார்க்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு மனிதனின் சாவைப் பார்க்க நீங்கள் செலவழிப்பதில்லை. மையத்து வீட்டுக்கும் போனேன். அம்னா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிறகு ஸுலைஹா ஆள் அனுப்பினாள். அம்னாவின் படிப்புச் செலவுக்காக மஃறூப் சேர்த்த கத்திகளை விற்க வேண்டும், நான்தான் வந்து விலை சொல்ல வேண்டும் என்று. நான் போனேன். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொன்றாகத் துடைத்து நியாயமான விலை சொன்னேன். அதில் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. டன்ஸ்மியர் மட்டும் ஒரு பட்டுத் துணியில் தனியாக இருந்தது.

“இத மட்டும் ஒருத்தரையும் தொட விட மாட்டாரு” என்றாள் ஸுலைஹா. “அண்ணன் குடுத்ததும்பாரு. இது நல்ல சாமானா?”

“உள்ளதுலயே இதுதான் அசல்” என்றேன்.

அவள் சந்தோஷப்பட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவன் தன் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. டன்ஸ்மியரைப் பற்றியும் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் சொல்லவில்லை. வாய் இறுக்கமானவன் என்று நான் அவனை மதித்ததே கிடையாது.

நான் எழுந்தபோது ஸுலைஹா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“அண்ணன், இங்க ஒருக்கா வந்து பாருங்களேன். காலையிலதான் கேஸ் சிலிண்டர் மாத்தினாங்க. சரியாப் பூட்டினாங்களோ தெரியல. எனக்கு மணம் தெரியாது. அவரு இருந்தா அவருதான் மோந்து பார்ப்பாரு. அம்னாவும் வகுப்புக்குப் போயிட்டா. கேஸ் மணம் எதும் வருதா?”

நான் போய் சிலிண்டர் பக்கம் குனிந்தேன். மூச்சை இழுத்தேன். ஜன்னல் மூடியிருந்தது. ஸுலைஹா கையில் நெருப்புப் பெட்டியோடு, மஃறூப் அன்று வீரய்யா வீட்டில் என்னைப் பார்த்தானே, அது மாதிரி இல்லாமல், முழு நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷமாக ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வை அதுதான்.

“ஒண்ணும் இல்ல” என்றேன். “ஆனா எனக்குத் தேத்தண்ணி வேணாம், பஸ் போயிடும்.”

“அப்ப நான் பொழுதுபடச் சமைக்கும்போதே பத்த வைக்கிறேன்” என்றாள்.

நான் பஸ் ஏறிவிட்டேன். குசினி எரிந்ததை மறுநாள் நிலக்ஷி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் உயிர் போகும் முன் ஸுலைஹா மகளிடம், “ஜீவராஜ் அண்ணன் மோந்து பார்த்து ஒண்ணுமில்லன்னு சொன்னாரு” என்று சொன்னாளாம். அம்னா அதை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நிலக்ஷி செத்த எலியின் கதையைச் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் கூட்டிப் பார்க்க உங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

நேற்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள். “கொரோனாவுல மூக்குப் போயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதனால இல்லன்னுட்டேன்னு சொல்லுங்க. தெரியாம நடந்ததுன்னு எழுதிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுறேன். வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்.” சொல்லிவிட்டு என் முழங்கையைத் தொட்டீர்கள்.

நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். இந்த உதவியை எனக்குச் செய்ய வந்தவர்களில் நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆள் என்ன ஆனான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் சொல்லியிருக்காவிட்டால் நீங்களாக ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மஃறூபை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிக் கொன்றவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சுய புத்தியோடு சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஸுலைஹாவின் சாவை என் தலையில் வைக்காதீர்கள், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மூக்கு என்று தொடங்கி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். நான் குனிந்து, நிதானமாக, நன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். கேஸ் மணம் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.